உன் மழையை யாருக்கு விட்டாய்?

போன ஐப்பசியில் உன் நிலத்தில் மழை பெய்ததா, இல்லையா?

பெய்தது. "கொட்டித் தீர்த்துவிட்டது" என்று நீயே ஊரெல்லாம் சொன்னாய்.

அந்தத் தண்ணீர் இப்போது எங்கே?

வரப்பை உடைத்தது. மேல்மண்ணை வாரிச் சுருட்டியது. ஓடையில் இறங்கியது. போயே போய்விட்டது.

தை பிறந்தது. கடலைச் செடி வாடியது. "இன்னும் ஒரே ஒரு தண்ணி விட்டிருந்தால் தேறியிருக்கும்" என்று வரப்பில் உட்கார்ந்து புலம்பினாய். பிறகு வானத்தைத் திட்டினாய்.

வானம் என்ன செய்யும்? அது கொடுத்தது. நீ வாங்கி வைக்கவில்லை!

கோபம் வருகிறதா தம்பி? வரட்டும். தங்கச்சி, உனக்கும்தான் சொல்கிறேன். அப்பா விட்டுப்போன மானாவாரி நிலத்தை "வானம் பார்த்த பூமி" என்று சொல்லிச் சொல்லியே தரிசாகப் போட்டிருக்கிறாயே, உனக்கும்தான்.

வா, ஒரு கணக்குப் போடுவோம்.

ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 40,000 லிட்டர் தண்ணீர். ஒரே ஒரு சென்டிமீட்டர்!

தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி மழை 90 சென்டிமீட்டருக்கு மேல். அப்படியானால் ஒரு ஏக்கருக்கு 36 லட்சம் லிட்டர்.

உனக்கு மூன்று ஏக்கர் இருக்கிறதா? ஒரு கோடி லிட்டர்! ஆண்டுதோறும் ஒரு கோடி லிட்டர் உன் வாசலுக்கு வந்து நிற்கிறது. நீ கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறாய்.

அத்தனையையும் பிடிக்க முடியாது. தெரியும். மண் குடிக்கும். வெயில் குடிக்கும். ஓடுகிறதே, அதில் ஒரு பங்கைப் பிடி. அது போதும்.

ஒரு குட்டை வெட்டு. நூறடி நீளம், நூறடி அகலம், ஐந்தடி ஆழம். பக்கச் சரிவு போக 12 லட்சம் லிட்டர் நிற்கும். ஒரு ஏக்கருக்கு ஒரு தண்ணி கட்ட 2 லட்சம் லிட்டர் வேண்டும். கசிவும் ஆவியும் பாதியைத் தின்றாலும் மீதி 6 லட்சம் உன் கையில்.

உன் மூன்று ஏக்கருக்கும் ஒரு தண்ணி! நீ ஏங்கினாயே, அதே ஒரு தண்ணி!

யார் கொடுப்பார்கள் என்று காத்திருந்தாய்? ஆறு உன் ஊர் வழியே வரவில்லை. வாய்க்கால் உன் நிலம் வரை நீளவில்லை. ஊர் ஏரி தூர்ந்து கிடக்கிறது. சரி. எல்லாம் உண்மைதான்.

உன் நிலத்தில் உன் கையால் ஒரு மண்கரை எழுப்ப உனக்கு யார் தடை சொன்னது?

"இருப்பதே மூன்று ஏக்கர். அதில் குட்டைக்கு வேறு இடம் விடணுமா?" என்கிறாய்.

நூறடிக்கு நூறடி என்றால் 23 சென்ட். கரையோடு சேர்த்தால் இன்னும் கொஞ்சம். அந்தத் துண்டை இழக்க உனக்கு மனம் வரவில்லை.

மூன்று ஏக்கரும் காயும்போது மட்டும் மனம் எப்படித் தாங்கியது?

மத்தியப் பிரதேசத்தில் தேவாஸ் என்று ஒரு மாவட்டம். கரிசல் பூமி. குடிக்கத் தண்ணீரை ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்த ஊர் அது. போர் போட்டுப் போர் போட்டுப் பூமியைச் சல்லடையாக்கினார்கள். ஐநூறு அடி, எண்ணூறு அடி, ஆயிரம் அடி. தண்ணீர் கீழே போனது. கடன் மேலே ஏறியது.

உன் ஊர்க் கதை மாதிரியே இருக்கிறதா?

2006-இல் உமாகாந்த் உம்ராவ் அங்கே மாவட்ட ஆட்சியராக இருந்தார். உழவர்களிடம் அவர் கேட்டது ஒன்றுதான். நிலத்தில் பத்தில் ஒரு பங்கைத் தண்ணீருக்குக் கொடு. குளம் வெட்டு. மழையைப் பிடி. மிச்ச ஒன்பது பங்கும் விளையும்.

முதலில் யாரைக் கேட்டார் தெரியுமா? பெரிய விவசாயிகளை! அதிகமாகப் போர் போட்டவர்களை, அதிகமாக உறிஞ்சியவர்களை. அவர்கள் வெட்டினால் ஊர் வெட்டும் என்று கணக்குப் போட்டார். சரியான கணக்கு அது.

வங்கிகள் தயங்கின. குழாய்க் கிணற்றுக்குக் கடன் உண்டு, குளத்துக்கு ஏது என்றன. உழவர்கள் நின்றார்களா? சொந்தக் காசைப் போட்டு வெட்டினார்கள். மானியத் திட்டமெல்லாம் பிறகுதான் வந்தது.

பெயர் என்ன கொடுத்தார்கள் தெரியுமா? பகீரத உழவர் இயக்கம்! குளம் வெட்டியவன் ஒவ்வொருவனும் பகீரதன். கங்கையை வானத்திலிருந்து இறக்கியவன் பெயர் அவனுக்கு.

நூறல்ல, இருநூறல்ல. ஆயிரக்கணக்கில் குளங்கள்! ஒரு போகமே தடுமாறிய நிலத்தில் மழைக்குப் பிறகு கோதுமையும் கொண்டைக்கடலையும் நின்றன.

பத்தில் ஒரு பங்கைக் கொடுத்தவன் இழந்தானா? நீயே சொல்.

"அவர்கள் பெரிய பண்ணையார்கள். பணம் இருந்தது. என்னிடம் என்ன இருக்கிறது?"

வந்துவிட்டாயா? இந்தச் சாக்குக்காகத்தான் காத்திருந்தேன்.

ஜிம்பாப்வேக்கு வா. ஷ்விஷவானே என்று ஒரு வறண்ட வட்டாரம். செஃபனையா ஃபிரி மசேகோ என்று ஒரு மனிதர். ரயில்வேயில் வேலை. அப்போது அந்த நாடு வெள்ளையர் சிறுபான்மை ஆட்சியில் இருந்த ரொடீசியா. அரசியலில் ஈடுபட்டார் என்று 1964-இல் வேலையைப் பறித்தார்கள். வேறு வேலையும் கிடைக்காதபடி செய்தார்கள்.

கையில் இருந்தது என்ன? சுமார் எட்டு ஏக்கர் மேட்டு நிலம். அதன் தலைமாட்டில் ஒரு மொட்டைக் கருங்கல் பாறை. வீட்டில் பசித்த வயிறுகள்.

ஜேசிபி இருந்ததா? இல்லை. மானியம் இருந்ததா? இல்லை. ஆட்சியர் வந்து கைகுலுக்கினாரா? அரசாங்கமே அவருக்கு எதிராக நின்றது!

அவர் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? மழையில் நின்றார். பார்த்தார். தண்ணீர் பாறையில் எங்கே விழுகிறது, எந்தப் பக்கம் வழிகிறது, எங்கே வேகம் எடுக்கிறது, எங்கே மண்ணை அரிக்கிறது.

நீ மழை பெய்யும்போது எங்கே இருக்கிறாய்? வீட்டுக்குள். டிவி முன்னால். ஒரு தடவையாவது குடையைப் பிடித்துக்கொண்டு உன் நிலத்தின் நாலு மூலையையும் மழையில் சுற்றிப் பார்த்திருக்கிறாயா?

ஃபிரி கல் பொறுக்கினார். பாறைச் சரிவில் குறுக்குக் குறுக்காகச் சின்னச் சுவர்கள் அடுக்கினார். சிமென்ட் இல்லை, வெறும் கல். ஓடிய தண்ணீர் நடந்தது. நடந்த தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பினார். அரசு வெட்டிவிட்ட வடிகால்களுக்குள் பள்ளம் பறித்தார். வெளியே போக வெட்டிய வாய்க்கால், உள்ளே இறக்கும் வாய்க்காலானது. கீழே பள்ளத்தில் குட்டைகள் நின்றன. மண் ஊறியது. வாழை நின்றது. மீன் துள்ளியது.

ஒரே வருஷத்திலா? இல்லை! வருஷக்கணக்காக, கல் மேல் கல்லாக. 2006-இல் ஆப்பிரிக்க இயற்கைப் பாதுகாப்புக்கான நேஷனல் ஜியாகிரஃபிக் – பஃபெட் விருது அவரைத் தேடி வந்தது. வேலையைப் பறித்து 42 வருஷம் கழித்து!

இப்போது சொல். உன்னிடம் என்ன இல்லை?

"எங்கள் பக்கம் மழையே குறைவு" என்று இன்னொருவன் முனகுகிறான். அவனுக்கும் பதில் இருக்கிறது.

மனிதர் வாழும் கண்டங்களிலேயே மிகவும் வறண்டது ஆஸ்திரேலியா. அங்கே உழவர்கள் சொந்த நிலத்தில் கட்டிய சிறு நீர்த்தேக்கங்கள் எத்தனை? 17 லட்சத்துக்கும் மேல்! மழை குறைந்த ஊரில்தான் கரை கூடுதலாக வேண்டும். குறைவு என்பது உனக்குச் சாக்கு. அவர்களுக்கு அதுவே காரணம்!

சிட்னிக்கு மேற்கே நார்த் ரிச்மண்ட். 1943-இல் அங்கே பி.ஏ. யோமன்ஸ் என்பவர் நிலம் வாங்கினார். சுரங்க வேலை தெரிந்தவர். விவசாயி அல்ல. அவர் வாங்கியது சத்து இல்லாத மண். 1944 டிசம்பரில் காய்ந்த புல்லில் தீ பிடித்தது. நிலத்தைக் கவனித்துக்கொண்டிருந்த மைத்துனர் அந்தத் தீயில் செத்தார்.

ஒரு சாவு விழுந்த நிலம். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? விற்றிருப்பாய். ராசியில்லை என்று சொல்லியிருப்பாய்.

அவர் மண்கரை எழுப்பினார்! ஒன்றல்ல, பல. மலைச்சரிவு செங்குத்தாக இறங்கி, சட்டென்று தணியும் ஓர் இடம் ஒவ்வொரு பள்ளத்திலும் உண்டு என்று கண்டார். அந்த மேட்டுப் பள்ளத்திலேயே தண்ணீரை நிறுத்தினார். கரைக்கு அடியில் குழாய் பதித்து வால்வு வைத்தார். திறந்தால் பாயும்! மோட்டார் வேண்டாம், டீசல் வேண்டாம். மேட்டில் நின்ற தண்ணீர் தானே இறங்கிப் புல்லை நனைத்தது. 1954-இல் அதைப் புத்தகமாக எழுதினார். அந்தப் பண்ணையை இன்று நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது.

சுரங்கக்காரர் மண்ணைப் படித்தார். மண்ணிலேயே பிறந்தவன் நீ. உனக்குப் படிக்க வராதா?

இனி உன் கடைசிச் சாக்கு. இதை மட்டும் நான் மதிக்கிறேன்.

"உடைந்துவிட்டால்?"

சபாஷ்! இந்தப் பயம் உனக்கு வேண்டும். இதை விட்டுவிடாதே. பயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வேலையில் இறங்கு.

ஏனென்றால் மண்கரை உடையும். அலட்சியமாகக் கட்டினால் உடைந்தே தீரும். கென்யாவில் நக்குரு மாவட்டம், சோலாய் என்ற ஊர். ஒரு தனியார் பண்ணையின் மண் அணை. 2018 மே 9. பெருமழைக்குப் பின் ராத்திரியில் உடைந்தது. கீழே தூங்கிக்கொண்டிருந்த ஊருக்குள் தண்ணீரும் சேறும் பாய்ந்தன. 40-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். குழந்தைகளும் செத்தார்கள்.

படித்தாயா? இன்னொரு தடவை படி.

உன் நிலத்துக்குக் கீழே யார் வீடு இருக்கிறது? யார் மாட்டுத் தொழுவம் இருக்கிறது? கரை போடுவதற்கு முன் போய்ப் பார். உன் தைரியத்துக்கு அடுத்தவன் பிள்ளை விலை கொடுக்கக் கூடாது!

ஆள் உயரத்துக்கு மேல் கரை எழுப்ப நினைத்தால் பொறியாளர் இல்லாமல் மண்வெட்டியைத் தொடாதே. வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகம் உன் மாவட்டத்திலேயே இருக்கிறது. போய் நில். கேள். என்ன திட்டம் நடப்பில் இருக்கிறது, எவ்வளவு மானியம் என்று விசாரி. ஒரு தடவை "அப்புறம் வா" என்றால் இன்னொரு தடவை போ. ஓடைப் புறம்போக்கில் மட்டும் கை வைக்காதே. ஓடை ஊருக்குச் சொந்தம். உன் நிலத்தில் விழுந்து ஓடும் தண்ணீர்தான் உன் பங்கு.

இப்போது வேலைக்கு வா. இங்கே நான் அவசரப்படப் போவதில்லை. நீயும் அவசரப்படாதே.

முதலில் மண்ணை எடு. ஒரு பிடி. தண்ணீர் தெளித்துப் பிசை. உள்ளங்கையில் வைத்துப் பென்சில் கனத்துக்குத் திரியாக உருட்டு.

திரி உடையாமல் நீளுகிறதா? களி இருக்கிறது. தண்ணீர் பிடிக்கும். உருட்டும்போதே பொலபொலவென்று உதிர்கிறதா? அந்த மண்ணை நம்பிக் கரை போடாதே!

அதோடு விடாதே. ஒரு கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் பிடி. காய்ந்த மண்கட்டி ஒன்றை மெல்ல உள்ளே போடு. அசைக்காதே. பார்த்துக்கொண்டிரு.

கட்டி அப்படியே உட்கார்ந்தாலும் சரி, சரிந்து தூளாக விழுந்தாலும் சரி, சுற்றியுள்ள தண்ணீர் தெளிவாக இருந்தால் பயம் குறைவு. கட்டியைச் சுற்றிப் பால் கலந்த மாதிரி புகைந்து பரவினால்? ஆபத்து! அந்த மண் தண்ணீரில் கரைந்து போகும். கரைக்குள் ஊசித் துவாரம் விழுந்தால் ஒரே ராத்திரியில் ஆள் நுழையும் ஓட்டையாகிவிடும்.

ஒரு டம்ளர் தண்ணீர். சில மணி நேரம். இதற்குப் பணம் வேண்டுமா? பட்டம் வேண்டுமா? இதைக்கூடச் செய்யாமல் "எங்கள் மண்ணில் நிற்காது" என்று யாரைக் கேட்டுச் சொன்னாய்?

அடுத்து, கரை உட்காரும் இடம். புல், வேர், செடி, மக்கிய மேல்மண், ஒன்றுவிடாமல் வழி. தூக்கிப் போட்டுவிடாதே. ஓரமாகக் குவித்து வை. கடைசியில் வேலை இருக்கிறது.

நடுவில் கரையின் முழு நீளத்துக்கும் ஒரு பள்ளம் பறி. கெட்டி மண் தட்டும் வரை பறி. அதில் நல்ல களிமண்ணை நிரப்பித் திமிசு போடு.

இந்தப் பள்ளம் யார் கண்ணுக்கும் தெரியாது. ஊரார் வந்து பாராட்ட மாட்டார்கள். "வீண் செலவு" என்று ஜேசிபிக்காரரே சொல்வார். கேட்காதே! கரைக்கு அடியில் தண்ணீர் சுரங்கம் வைக்காமல் தடுப்பது அதுதான். அதைத் தவிர்த்துக் கட்டிய கரை, வெறும் மண்மேட்டின் மேல் வைத்த இன்னொரு மண்மேடு.

இப்போது மண்ணைப் போடு. எவ்வளவு? அரையடி. அரையடிக்கு மேல் ஒரு விரல்கூட வேண்டாம்!

தண்ணீர் தெளி. மண்ணைப் பிடித்தால் கொழுக்கட்டை போல் உருண்டையாக நிற்க வேண்டும், கையில் சேறு ஒட்டக் கூடாது. அந்தப் பதம் வந்ததும் உருளை ஓட்டு. இறுகட்டும். மறுபடி அரையடி. மறுபடி தண்ணீர். மறுபடி உருளை.

அலுப்பாக இருக்கிறதா? இருக்கும். லாரி லாரியாகக் கொட்டி மேலே ஒரு தடவை வண்டியை ஓட்டி முடித்துவிடலாம் என்று கை அரிக்கும். அப்படி முடித்தவர்களின் கரைகளைப் போய்ப் பார். முதல் மழையில் உட்கார்ந்துவிடும். இரண்டாம் மழையில் வெடிக்கும். மூன்றாம் மழைக்குக் கரையே இருக்காது.

நூறு தடவை அரையடி போடப் பொறுமை இல்லாதவன் மண்கரை பக்கமே வர வேண்டாம். பொறுமை பிறவியில் வருவதா? கிடையாது. முதல் அரையடியை ஒழுங்காகப் போடு, இரண்டாவது தானாக வரும்.

சரிவை ஏமாற்றாதே. உள்பக்கம் ஒரு அடி உயரத்துக்கு மூன்றடி சாய்வு. வெளிப்பக்கம் ஒரு அடிக்கு இரண்டடி. மேலே எட்டடி அகலமாவது இருக்கட்டும். இறுகி உட்காரும் என்று கொஞ்சம் உயர்த்தியே கட்டு. உள்பக்கம் அலை அடிக்கும் இடத்தில் கல் பதி. ஏரிக்கரையில் பெரியவர்கள் அலைகல் பதித்தார்களே, அதேதான். வெளிப்பக்கம் குவித்து வைத்தாயே மேல்மண், அதைப் பரப்பி அருகம்புல் நடு. மரம் வேண்டாம்! வேர் உள்ளே போகும். மரம் செத்தால் வேர் மக்கும். மக்கிய வேர் தண்ணீருக்கு வழி காட்டும்.

கடைசியாகக் கலிங்கு. இதைக் கடைசியாகச் சொல்கிறேனே தவிர, முதலில் நீ யோசிக்க வேண்டியது இதைத்தான்.

குட்டை நிறைந்த பிறகும் மழை நிற்காவிட்டால் தண்ணீர் எங்கே போகும்? கரை மேல் ஏறும். மண்கரை மேல் தண்ணீர் ஏறி வழிந்தால் கதை முடிந்தது. உலகம் முழுக்க மண் அணைகள் உடைந்ததற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று இந்த வழிதல். இன்னொன்று உள்ளே அரிக்கும் கசிவு.

அதனால் கரையின் ஓரத்தில், வெட்டாத கெட்டி மண்ணில், கரை உச்சிக்கு மூன்றடி கீழே, அகலமாக ஒரு கலிங்கு விடு. புல் வளர்த்து விடு. அல்லது கல் பாவு. பத்து வருஷத்தில் ஒரு தடவை வரும் பேய்மழையை நினைத்து அகலம் வை. அதில் மீன் தப்பாமல் இருக்கட்டும் என்று வலை கட்டுகிறேன், முள் அடைக்கிறேன் என்று கிளம்பாதே. ஐந்து கிலோ மீனுக்காகக் கரையையே விடுவாயா?

குட்டையைச் சுற்றி வேலி போடு. ஏறி வரக் கயிறு ஒன்றைக் கட்டித் தொங்கவிடு. வழுக்கும் கரையில் குழந்தை சறுக்கினால் பிடித்து ஏற ஏதாவது வேண்டும். இதை மறந்தவர்கள் ஊர் ஊராக அழுதிருக்கிறார்கள்.

கட்டிவிட்டாய். மழை பெய்தது. நிறைந்தது. ஊர் வந்து பார்த்தது. மகிழ்ச்சி!

பத்து நாளில் தண்ணீர் பாதியாக இறங்கிவிட்டது. இப்போது?

"சொன்னேன் பார்த்தியா, எனக்கு ராசி இல்லை." இதுதானே உன் வாயில் வரும்?

போகாதே அந்தப் பக்கம்! முதல் வருஷம் கசியும். செம்மண் என்றால் நன்றாகவே கசியும். கரிசல் மாதிரி எல்லா மண்ணும் தண்ணீரைக் கட்டிப்பிடிக்குமா? தண்ணீர் வற்றியதும் அடியில் இறங்கு. களிமண் கொண்டுவந்து பரப்பு. ஈரமாக இருக்கும்போதே மாட்டை விட்டு மிதிக்க வை. அடுத்த மழையில் வரும் வண்டலும் கொஞ்சம் அடைக்கும். அதற்கடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் நிற்கும்.

கரையின் வெளிப்பக்க அடியில் ஈரம் தெரிகிறதா? குனிந்து பார். கசிவது தெளிந்த தண்ணீரா, கலங்கலா? தெளிவாக, மெதுவாகக் கசிந்தால் தினமும் கண் வைத்திரு. கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று அர்த்தம். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதே! கீழே இருப்பவர்களுக்குச் சொல். மதகு வைத்திருந்தால் திற. மோட்டாரைப் போடு. தண்ணீரை இறக்கு.

தண்ணீர் போனால் போகட்டும். அடுத்த ஐப்பசியில் மறுபடி வரும். கரை இருந்தால் மறுபடி பிடிப்பாய்.

உடைந்தேவிட்டது என்று வை. கீழே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால், என்ன குடி முழுகிப் போயிற்று? எங்கே உடைந்தது என்று போய்ப் பார். மேலே வழிந்ததா, அடியில் துளைத்ததா, குழாய் ஓரத்தில் ஓடியதா? உடைந்த வாயே காரணத்தைச் சொல்லும். காரணம் தெரிந்தவன் இரண்டாம் தடவை அதே இடத்தில் தோற்க மாட்டான். தெரியாதவன்தான் ஜோசியரிடம் போவான்.

நாலு பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வெறும் பள்ளத்தைப் பார்த்து "இதென்ன, மீன் இல்லாத குளம்" என்பார்கள். மாசியில் அவர்கள் செடி வாடும்போது உன் செடி நிற்கும். அப்போது உன்னிடம்தான் வந்து கேட்பார்கள். எந்த மண், எத்தனை அடி, யார் ஜேசிபி என்று. ஒன்றையும் மறைக்காதே. எல்லாவற்றையும் சொல்லிக் கொடு. அவர்கள் குட்டையும் நிறைந்தால் உன் கிணறும் ஊறும்.

மேலே பார்த்து உட்கார்ந்தது போதும். சித்திரையும் வைகாசியும்தான் கரை போடும் காலம். மண் காய்ந்திருக்கும், வண்டி இறங்கும், ஆளும் கிடைக்கும். ஆடி மாதம் கையைப் பிசைந்துகொண்டு நின்று பயனில்லை. வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் மூன்றே மாதம். தமிழ்நாட்டின் மழையில் ஏறக்குறைய பாதி அந்த மூன்று மாதத்தில் கொட்டிவிடும். உன் கரைக்காக அது ஒரு நாள்கூடத் தள்ளி நிற்காது.

எழுந்திரு! உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் குழாய் இருபதடி வாங்கு. உள்ளே தண்ணீர் நிரப்பினால் அதுதான் உன் மட்டக்குழாய். கூட ஒருவரைக் கூப்பிடு. அண்ணன் வரவில்லையா? அண்ணியைக் கூப்பிடு. அம்மாவைக் கூப்பிடு. நிலத்தின் மேல்கோடியிலிருந்து ஆரம்பி. எந்த முனை மேடு, எந்த முனை பள்ளம், எத்தனை விரற்கடை இறக்கம் என்று ஒவ்வொரு குச்சியாக நட்டுக்கொண்டே வா.

எல்லாக் குச்சிகளையும் விடத் தாழ்ந்து நிற்கும் குச்சி எது? அங்கே போய் நில். ஒரு முழம் தோண்டு. ஒரு பிடி மண்ணை எடு. தண்ணீர் தெளி. உருட்டு!